கட்டடத்தின் பாரம் செல்லும் வழி

(தொம்மலூரில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கட்டடங்கள் எவ்வாறு நிற்கின்றன என்பது குறித்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, நான் பொறியாளன் அல்லன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிட்டேன். பொருளாதாரம் பயின்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மதிப்பீடுகளைச் சரிபார்ப்பதிலும் ஒப்பளிப்பு ஆணைகளில் கையொப்பமிடுவதிலும் கழித்தவன். "அதனால்தான் அழைக்கிறோம்" என்று கூட்டத்தை அமைத்தவர்கள் கூறினர். அவர்கள் கூறியது சரியே. கட்டடத்தை வரைபவர் பொறியாளர். எழுப்புபவர்கள் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சித்தாளும். ஆயினும் அது எவ்வளவு பணத்தில், எத்தனை மாதத்தில், எத்தனை மாடியாக எழவேண்டும் என்பதை முடிவு செய்வோரில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள். நாம் எழுதும் ஒரு வரி கல்லையும் கம்பியையும் மண்ணையும் என்ன செய்கிறது என்பதை அறியாமலேயே எழுதிவிடுகிறோம். அவ்வாறு நான் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

பாடத்தை இந்த ஊரிலேயே தொடங்கலாம். தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. சோழர் காலத்தில் தோன்றியதாகக் கருதப்படும் பெருமாள் கோயில் அது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிப்பிடுகின்றன. 1270ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் கதவுக்கு இரண்டு நிலைக்கால்களைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறுகிறது. நிலமும் வரியும் தானமாகக் கொடுத்தவர்களின் பெயர்களுக்கிடையே, இரண்டு கற்கால்களைக் கொடுத்தவரின் பெயரும் ஏழரை நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது.

அந்த நிலைக்கால் என்ன வேலை செய்கிறது? சுவரில் வாயில் ஒன்றைத் திறந்தால், அந்த இடத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த பாரத்திற்கு வழி அடைபட்டுப்போகிறது. வாயிலுக்கு மேலே குறுக்காக ஒரு கல்லை வைக்கிறோம். மேலுள்ள பாரத்தை அந்தக் குறுக்குக்கல் வாங்கி, இடப்புறமும் வலப்புறமும் பகிர்ந்து, இரு பக்கத்துக் கால்களிடம் ஒப்படைக்கிறது. அவை தரையிடம் ஒப்படைக்கின்றன. கட்டட அமைப்பியல் என்ற துறையின் முதற் கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. எந்தக் கட்டடத்திலும், எந்த இடத்தில் ஒரு பொருளை வைத்தாலும், அதன் பாரம் இடையறாத ஒரு வழியாக நிலத்தைச் சென்றடையவேண்டும். கூரையின் பாரம் உத்தரத்திற்கும், உத்தரத்தின் பாரம் தூணுக்கும், தூணின் பாரம் கடைக்காலுக்கும், கடைக்காலின் பாரம் மண்ணுக்கும் கைமாறுகிறது. இந்தக் கைமாற்றத்தில் ஒருவர் வாங்க மறுத்தாலும் மேலே உள்ளவர்கள் அனைவரும் கீழே வருவர்.

பாரம் என்பது எவ்வளவு என்று நம்மில் பலர் எண்ணிப்பார்த்ததில்லை. நான்கு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையின் கான்கிரீட் தளம் 12.5 சென்டிமீட்டர் தடிப்புடையது என்று கொள்ளுங்கள். கம்பியிட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே அந்தத் தளம் மட்டுமே ஆறேகால் டன். அதன்மேல் குடியிருப்பவர்களும் அவர்களது தட்டுமுட்டுச் சாமான்களும் சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர விதிகள் கணக்கிடச் சொல்கின்றன. அது மேலும் நான்கு டன். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து நிரப்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். அலுவலக நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோப்புகளை அடுக்கிவைக்கும் அறைக்கு அதே விதிகள் குடியிருப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாரத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. காகிதம் அத்தனை கனமானது. இருப்பினும் இடநெருக்கடி வரும்போது நாம் முதலில் செய்வது, பழைய பதிவேடுகளை மாடியறைக்கு மாற்றுவதுதான். மாற்றல் ஆணையில் கையொப்பமிடுபவர் அந்தத் தளம் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று கேட்டதாக என் அனுபவத்தில் இல்லை.

இனி இரண்டாவது கொள்கைக்கு வருவோம். பாரத்தைச் சுமக்கும் பொருளுக்குள் நிகழ்பவை அடிப்படையில் இரண்டே: ஒன்று அமுக்கப்படுதல், மற்றொன்று இழுக்கப்படுதல். தூண் அமுக்கப்படுகிறது, தொங்கும் ஊஞ்சலின் சங்கிலி இழுக்கப்படுகிறது. உத்தரத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. இளம் பொறியாளர் ஒருவர் இதனை எனக்கு ஒரு பஞ்சுத் துண்டைக் கொண்டு விளக்கினார். பாத்திரம் கழுவும் நீண்ட பஞ்சின் பக்கவாட்டில் மையினால் செங்குத்துக் கோடுகள் சிலவற்றை இட்டு, இரண்டு புத்தகங்களின்மேல் பாலம்போல் வைத்து, நடுவில் விரலால் அழுத்தச் சொன்னார். அழுத்தியபோது கோடுகள் மேற்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கின, கீழ்ப்புறத்தில் விலகின. மேற்புறம் அமுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. பொருளாதாரத்தில் இத்தனை எளிதாக விளங்கும் கொள்கை எனக்கு வாய்த்ததில்லை.

கல் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதிலோ மிக மெலிந்தது. அமுக்கத்தில் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு இழுப்பைத் தாங்கினாலே அதிகம். ஆகவே கல் உத்தரம் உடைவது எப்போதும் கீழ்ப்புறத்து நடுவில் தொடங்கும். இதனை நம் தச்சர்கள் கணக்கெழுதாமலேயே அறிந்திருந்தனர். கற்கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நெருங்கி நிற்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று; கல் அதற்குமேல் தாண்டாது. தூணின் தலையில் இருபுறமும் நீண்டிருக்கும் போதிகையைச் சிற்பத்திற்கான இடமென்றே நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது இடைவெளியைக் குறைப்பதற்காக நீட்டப்பட்ட கை. பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளுக்குக் கூரையாக இட்ட கருங்கற் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். சப்படிக் கல் என்று கன்னடத்தில் கூறுவர். அவ்வீடுகளின் அறைகள் ஒடுங்கியிருப்பதற்கும் இதுவே காரணம்.

இடைவெளியின் கணக்கு வியப்பானது. பரவலாகப் பாரம் ஏற்றிய உத்தரம் ஒன்றின் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால், அதை வளைக்கும் விளைவு இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. நடுவில் ஏற்படும் தொய்வோ பதினாறு மடங்கு. மாறாக, உத்தரத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால் வலிமை நான்கு மடங்கும் விறைப்பு எட்டு மடங்கும் கூடுகின்றன. மாணவர்கள் தம்மிடமுள்ள அளவுகோலைப் படுக்கையாக வைத்தும் நிமிர்த்தி வைத்தும் அழுத்திப் பார்க்கலாம். தடிப்பைப்போல் பத்து மடங்கு அகலமுள்ள அளவுகோலை நிமிர்த்தி வைத்தால், அதே பொருள், அதே எடை, பத்து மடங்கு வலிமையையும் நூறு மடங்கு விறைப்பையும் பெறுகிறது. "கூடத்தின் நடுவே தூண் வேண்டாம், பார்வைக்கு மறைக்கிறது" என்று மேலதிகாரி ஒருவர் ஒரு சொல்லில் நீக்கிவிடும்போது, நீங்குவது ஒரு தூணின் செலவு. கூடுவது நான்கு மடங்கு வளைவு.

மரம் இழுப்பையும் தாங்கும். இந்நகரின் கோட்டைப் பகுதியில் 1791இல் முடிவுற்ற திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகையில் தேக்குத் தூண்களையும் அவற்றினிடையே உள்ள அகன்ற வெளியையும் பார்த்தால், தொம்மலூர்க் கோயிலுக்கும் அதற்குமுள்ள வேறுபாடு பொருளின் இயல்பிலிருந்தே பிறந்தது என்பது விளங்கும். செங்கல் வளைவு வேறொரு வழி: அது பாரத்தை அமுக்கமாகவே இரு பக்கமும் கொண்டுபோய்விடும்; ஆனால் பக்கச்சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். தடித்த சுவர் இல்லாத இடத்தில் அது பயன்படாது.

இருபதாம் நூற்றாண்டு கையாண்ட வழி, கான்கிரீட்டையும் எஃகுக் கம்பியையும் இணைத்தல். கான்கிரீட்டும் செயற்கைக் கல்தான். அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பு வரும் இடத்தில் கம்பியை இட்டுவிட்டால் குறை தீர்ந்தது. வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதும், கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பதும் நமக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் கம்பி எவ்வளவு என்பதைப்போலவே கம்பி எங்கே என்பதும் உயிர்நாடியானது. இதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் நம் நாட்டுச் சிறு கட்டடங்களில் நேரும் விபத்துகளில் இது அடிக்கடி காணப்படுவது.

இரு சுவர்களின்மேல் கிடக்கும் தளத்தில் நடுப்பகுதியின் அடிப்புறம் இழுபடும் என்று கண்டோம். கம்பியும் அடிப்புறத்தில் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீண்டு மறுமுனையில் தாங்கலின்றி நிற்கும் வெயில் மறைப்பையும் முகப்பு மாடத்தையும் எண்ணிப்பாருங்கள். அதன் நுனியில் ஒருவர் நின்றால் அது கீழ்நோக்கி வளையும், இழுபடுவது மேற்புறம். எனவே அங்கே கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். வரைபடத்தில் சரியாகவே இருக்கும். கம்பி கட்டுபவரும் சரியாகவே கட்டியிருப்பார். கான்கிரீட் கொட்டும் நாளில் சட்டிகளைச் சுமந்து வருபவர்கள் வேறு வழியின்றி அக்கம்பிகளின்மேலேயே நடப்பர். மேலே இருந்த கம்பி மிதிபட்டு அடியில் போய்ப் படிந்துவிடும். மறுநாள் யாராலும் அதைக் காண இயலாது. முட்டுகளைக் கழற்றும் நாளில் தளம் முட்டோடு சேர்ந்து இறங்கும். கம்பியின் அளவு மதிப்பீட்டின்படி இருந்தது என்று பின்னர் விசாரணையில் எழுதுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். கம்பியை மேலே நிறுத்தும் சிறு தாங்கிகளுக்கும், நடப்பதற்கான பலகைகளுக்கும் மதிப்பீட்டில் ஒரு சிறு தொகை இருந்ததா என்பதை எவரும் கேட்பதில்லை.

தூணைப் பற்றியும் ஒன்று. ஒரு காகிதத்தைச் சுருட்டி நிறுத்தினால் ஒரு புத்தகத்தைத் தாங்கும். மெலிந்த ஈர்க்குச்சியை நிறுத்தி அழுத்தினால் நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். தூணுக்குள் நெடுக நிற்கும் கம்பிகளும் அப்படித்தான். அவை வெளியே பிதுங்காமல் இறுக்கிப் பிடிப்பவை குறுக்கே சுற்றும் வளையங்கள். வளையங்களைச் சற்றுத் தள்ளித் தள்ளிக் கட்டினால் கம்பி மிச்சமாகும். கட்டடமும் சாதாரண நாளில் நிற்கும். நில நடுக்கம் வரும் நாளில்தான் வேறுபாடு தெரியும். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் பூஜ் பகுதியில் நில நடுக்கம் ஏற்பட்டபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் வீழ்ந்தன. அவற்றுட் பல, வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களாக விட்டவை. மேலே சுவர்களால் விறைப்பான பெட்டி, கீழே மெலிந்த கால்கள். ஆட்டம் முழுவதும் கால்களில் வந்து சேர்ந்தது. பெங்களூரில் நில நடுக்க ஆபத்து ஒப்பளவில் குறைவு. வண்டி நிறுத்தத் தேவை குறைவன்று. இந்தத் தெருவிலேயே அத்தகைய கட்டடங்களைக் காண்கிறோம்.

இப்போது நான் முன்னர்க் குறிப்பிட்ட வரிக்கு வருகிறேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், வட கருநாடகத்தின் கரிசல் நிலப் பகுதியில் மாணவியர் விடுதி ஒன்று கட்டுவதற்கான கருத்துரு என் மேசைக்கு வந்தது. மதிப்பீட்டில் மண் ஆய்வுக்கென ஒரு தொகையும், சாதாரணக் கடைக்காலுக்குப் பதிலாக ஆழமான கம்பக் கடைக்காலுக்கென மற்றொரு தொகையும் இருந்தன. இதே மாதிரி வரைபடத்தில் வேறு மாவட்டங்களில் கட்டிய விடுதிகளுக்கு இச்செலவு இல்லை. நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிடுவதுதானே எங்கள் பயிற்சி. "ஏனைய இடங்களில் தேவைப்படாத இவ்வினங்கள் இங்கு மட்டும் தேவைப்படுவதற்கான காரணம் விளங்கவில்லை, நீக்கலாம்" என்று எழுதினேன். கோப்பு உடனே ஒப்புதல் பெற்றது. உதவிப் பொறியாளர் 'மண் கரிசல்' என்று இரண்டு சொற்களில் மறுப்பு எழுதியிருந்ததைப் பின்னர்தான் பார்த்தேன். அதை அப்போது படித்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது என்பதே உண்மை.

கரிசல் மண் நனைந்தால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் ஆழமின்றி அமர்ந்த கட்டடத்தை ஒவ்வொரு மழைக்காலமும் தூக்கும், ஒவ்வொரு கோடையும் இறக்கும். அதுவும் எல்லா மூலைகளையும் ஒரே அளவாகச் செய்வதில்லை. இதற்கு மாற்றாக, ஈரம் மாறாத ஆழம்வரை துளையிட்டு, அடியில் குமிழ்போல் விரித்துக் கான்கிரீட் நிரப்பும் கம்பக் கடைக்கால் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் முன்பே ஆராய்ந்து பரப்பியிருந்தது. அந்த நிலையத்தின் பெயரைக்கூட நான் அப்போது அறியேன்.

இரண்டாவது மழைக்காலத்திற்குப் பின் அந்த விடுதியைப் பார்வையிடச் சென்றேன். சன்னல் மூலைகளிலிருந்து சுவர்களில் சாய்வான வெடிப்புகள் ஓடியிருந்தன. நிலைச்சட்டங்கள் கோணிப் போனதால் கதவுகள் சாத்த முடியவில்லை. இரவில் மாணவியர் தங்கள் அறைக் கதவுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உறங்குவதாக விடுதிக் காப்பாளர் அம்மையார் கூறினார். குற்றம் சாட்டும் தொனியில் அவர் கூறவில்லை. வந்தவர் கதவு வாங்கித் தரும் அதிகாரி என்று எண்ணிவிட்டார். அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதுதான், நிலைக்கால் என்பதன் பொருள் எனக்குப் புரிந்தது. பின்னர்ச் செய்த பழுதுபார்ப்புக்கு, நான் மிச்சப்படுத்திய தொகையைப்போல் பல மடங்கு செலவாயிற்று. அது வேறு ஆண்டின் வேறு தலைப்பில் எழுதப்பட்டதால், என் சேமிப்பு கணக்கில் சேமிப்பாகவே இன்றும் நிற்கிறது.

அங்கே அந்த உதவிப் பொறியாளர் வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரையால் ஒட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் தேதி எழுதி வைத்திருந்தார். கண்ணாடி உடையாமல் இருந்தால் வெடிப்பு பழையது, அடங்கிவிட்டது. உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. செலவு மிகச் சிறிது. பூச்சில் தலைமயிர்போல் பரவும் வெடிப்புகளுக்கு அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் சுவரின் இருபுறமும் தெரிவது, நாளுக்கு நாள் அகல்வது, தூணிலும் உத்தரத்திலும் தோன்றுவது ஆகியவை கட்டடம் நம்மிடம் பேசுவதாகக் கொள்ளத் தக்கவை.

பேசியும் கேட்கப்படாத ஒரு நிகழ்ச்சியை உலகமே அறியும். வங்காள தேசத்தில் டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல் மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. அவற்றில் ஆடைத் தொழிற்சாலைகளும் கனமான மின்னாக்கிகளும் இருந்தன. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதில் பெரும் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை பணிக்குத் திரும்ப வைக்கப்பட்டனர். அன்று காலையே கட்டடம் வீழ்ந்தது; 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பைக் கண்டவர்கள் அனைவருக்கும் ஒரே செய்திதான் கிடைத்தது. பணியிழப்புக்கு அஞ்சவேண்டிய நிலையில் இல்லாதவர்கள் அதன்படி நடக்க முடிந்தது.

தொலைவில் செல்லவேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அருகில் நின்ற அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2024 அக்டோபரில் இதே பெங்களூரின் பாபுசாபாளையத்தில், கட்டுமானத்தில் இருந்த ஒரு கட்டடம் மழை நாளொன்றில் சரிந்து தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. இத்தகைய இடங்களில் மாள்பவர்களில் பலர் பிழைப்புத் தேடித் தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

மாணவர்களுள் ஒருவர் உரைக்கு முன்னர் என்னிடம், "எங்கள் வீட்டின்மேல் இன்னும் ஒரு மாடி கட்டலாமா என்று அப்பா கேட்கிறார், சுவர் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். சுவரைப் பார்த்துச் சொல்ல இயலாது. கீழே உள்ள கடைக்கால் எத்தனை மாடிக்கு அகலமாக இடப்பட்டது, அடியில் உள்ளது இறுகிய செம்மண்ணா நிரப்பிய மண்ணா என்பதே கேள்வி. இந்நகரில் அது வெறுங்கேள்வியன்று. கெம்பேகௌடா பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடம். எந்த மனையின் அடியில் ஏரிச் சேறு இருக்கிறது என்பதை மேலே நின்று பார்ப்பவர் அறிய முடியாது. உரிமம் பெற்ற அமைப்பியல் பொறியாளர் ஒருவரை அழைத்து, ஒரு மூலையில் குழி தோண்டிக் கடைக்காலைப் பார்க்கச் சொல்லுமாறு தந்தையிடம் கூறுங்கள் என்றேன். அதற்காகும் செலவை அவர் குறைக்கப் பார்ப்பார் என்று மாணவர் சிரித்தார். நானும் அவ்வாறு குறைத்தவன்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த விடுதியைப் பார்த்துத் திரும்பிய பின்னர், கட்டடக் கருத்துரு எது வந்தாலும் மண் ஆய்வறிக்கை உள்ள பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். பாரம் கூரையிலிருந்து மண்வரை எவ்வழியே இறங்குகிறது என்பதை வரைபடத்தில் விரலால் காட்டுமாறு பொறியாளரைக் கேட்கிறேன். இக்கேள்வியை அவர்கள் விரும்புகிறார்கள் என்பதையும் கண்டேன். நிதிப் பிரிவிலிருந்து அவர்களிடம் எவரும் அதைக் கேட்டதில்லையாம். ஒப்பளிப்பு ஆணையின் இறுதியில், மண் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட தொகையை வேறெந்த இனத்திற்கும் மாற்றுதல் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்து வருகிறேன். இந்த நிபந்தனை எந்த விதியின்கீழ் விதிக்கப்படுகிறது என்று தணிக்கையாளர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் அந்த விடுதியின் கோப்பு எண்ணை எழுதி அனுப்பினேன்.